புல்லில் விழுந்த கார்பன் அம்பு

தொண்ணூறுகள் முடியப்போகிற வருஷங்களில் எனக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றுதான். மற்ற நாளெல்லாம் ஃபேக்டரிக்கும் வீட்டுக்கும் சொந்தம். பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டுச் சுவரை உரசுகிற மாதிரி ரயில் போகும். முதல் வண்டிச் சத்தத்தில் எழுந்தால் குழாயடி, அடுப்பு, டிபன் டப்பா, ஃபேக்டரி பஸ். டெலிபோன் பாகங்களைப் பூட்டும் பிரிவில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்துவிட்டு வந்தால் மறுபடி அடுப்பு. பக்கத்து வீட்டு பாய் சம்சாரம் என் முகத்தைப் பார்த்ததும் "சுஸ்தா?" என்பார். அதைவிடச் சரியான சொல் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. களைப்பு என்றால் தூங்கினால் போய்விடும். சுஸ்து அப்படியில்லை. விடிந்து நாம் எழுந்தாலும் அது பாயிலேயே படுத்துக்கொண்டு, "போயிட்டு வா, இங்கேயேதான் இருப்பேன்" என்று சொல்லும்.

ஞாயிறு காலையில் மட்டும் நான் வில்லெய்யப் போவேன்.

சொன்னால் சிரிப்பார்கள். நானே சிரித்தவள்தான். ஃபேக்டரி விளையாட்டுக் கழகத்தில் பெண்கள் வில் அணிக்கு மூன்று பேர் வேண்டும், இருந்தது இரண்டு பேர். கழகச் செயலாளர், எங்களுக்கெல்லாம் அவர் செக்ரெட்டரி சார், எங்கள் பிரிவுக்கு வந்து மேஜை மேஜையாகக் கேட்டார்.

"வெயில்ல நிக்கணும், கையத் தூக்கணும், வேற ஒண்ணும் இல்லம்மா."

"துணி காயப்போடறதும் அதானே சார்?"

"அப்ப உனக்கு வந்துடும்" என்று சொல்லி என் பேரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வந்தும் விட்டது. ஏன் வந்தது என்றால், அங்கே நிற்கும்போது என்னை யாரும் கூப்பிடமாட்டார்கள். நாணை இழுத்துத் தாடையில் பதித்துக்கொண்டு நிற்கிற பெண்பிள்ளையிடம் "உப்பு எங்கே" என்று கேட்க முடியாது. அணியில் என் பேர் இருக்கும்வரை வீட்டுக்காரரும் ஒன்றும் சொல்லமாட்டார். "ஃபேக்டரி வேலை மாதிரிதான், போகணும்" என்று நான் சொல்லி வைத்திருந்தேன். பேர் போனால் ஞாயிறு போய்விடும். என் கணக்கு அவ்வளவுதான். பதக்கமெல்லாம் மற்றவர்கள் ஆசைப்பட்டது.

ஆனேக்கல் பக்கம் ஃபேக்டரி எப்போதோ வாங்கி எதுவும் கட்டாமல் போட்டிருந்த நிலம்தான் எங்கள் மைதானம். சுற்றிலும் ஆளுயரக் கல்பலகை வேலி, உள்ளே முழங்கால் அளவு புல், கடைசியில் யூகலிப்டஸ் மரங்கள். வில்லுறையைத் தோளில் மாட்டிக்கொண்டு மார்க்கெட்டில் பஸ் ஏறினால் கண்டக்டர் ஒவ்வொரு வாரமும் கேட்பார்: "ஏனம்மா, பேட்டேகா?" வேட்டைக்கா என்கிறார். "ஹௌது, மொலா சிக்கித்ரே நிமகே ஒந்து" என்பேன். முயல் கிடைத்தால் உங்களுக்கு ஒன்று. பாவம், பல வருஷம் முயலுக்குக் காத்திருந்தார் மனுஷன்.

அந்தப் புல் சும்மா வளர்ந்த புல்லில்லை. வேலிக்கு அந்தப் புறம் குடியிருந்த ஒரு அம்மாள் அதை அறுத்துத்தான் இரண்டு கறவை மாடுகளை வைத்திருந்தார். நாங்கள் வில்லோடு போவதற்கு முன்பிருந்தே அது அவர் புல். வாட்ச்மேனுக்குப் பால் போகும், புல் இங்கே வரும். அவர் என்னை அக்கா என்பார், நானும் அவரை அக்கா என்பேன். யார் பெரியவள் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை, கேட்டால் நஷ்டம் யாருக்கு என்று தெரியாதல்லவா.

முதல் நாளே எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். இலக்கில் படாத அம்பு புல்லுக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் அரிவாள் பட்டால் வாய் மழுங்கும், மாட்டின் வாய்க்குள் போனால் மாடே போகும். அதனால் கழகத்தின் ஓட்டை ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தைக் கழற்றிக் கயிறு கட்டினேன். எய்து முடித்ததும் புல்லுக்குள் அந்தக் காந்தத்தை இழுத்துக்கொண்டு நடப்பேன். அலுமினிய அம்பு காந்தத்தில் ஒட்டாது, ஆனால் அதன் முனை இரும்பு, அது ஒட்டும். அம்பு வரும், கூடவே ஆணி, சோடா மூடி, ஒருதரம் மாட்டு லாடம். எல்லாம் வந்ததைப் பார்த்த பிறகுதான் அக்கா அரிவாளை எடுப்பார்.

"முடிஞ்சதா உன் தேரோட்டம்?" என்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி என் தோளில் வந்து நின்றது. நாற்பது நெருங்க நெருங்க வலது தோள் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. வில்லின் கைகளை இலேசானவையாக மாற்றிப் போட்டுக்கொண்டேன். இழுக்கச் சுலபம், ஆனால் அம்புக்கு வேகமில்லை. முப்பது மீட்டரில் தெரியாது, ஐம்பதில் சமாளிக்கலாம், எழுபதில் மானம் போகும். தூரம் கூடக்கூட வில்லை உயர்த்த வேண்டும், உயர்த்துவதற்குக் குறிபார்க்கும் ஊசியைக் கீழே இறக்க வேண்டும். நான் இறக்கி இறக்கி, அதற்குமேல் இறக்கினால் புறப்படுகிற அம்பு ஊசியிலேயே மோதும் என்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். அப்படியும் அம்பு இலக்குக்கு முன்னால் தொப்பென்று விழுந்தது. அணியில் இருக்க வேண்டுமானால் எழுபது மீட்டர் எய்தே ஆகவேண்டும். தேர்வு பொங்கலுக்குப் பிறகு.

அணியில் இன்னொருத்தி, பரிசோதனைப் பிரிவுப் பெண், என்னைவிடச் சின்னவள். அவள் கார்பன் அம்புக்கு மாறி ஒரு வருஷமாகியிருந்தது; பழகுவது வாரநாள் மாலையில், நகரத்துக்குள் கழகத்துக்கு இருந்த இன்னொரு மைதானத்தில்.

"அக்கா, இன்னும் பாத்திரக்கடை அம்பையே வெச்சினு இருக்கீங்களே. அதை உருக்கினா ஒரு இட்லிக் குண்டான் செய்யலாம். கார்பனுக்கு வாங்க, சும்மா சர்ருனு போகும்."

"உன்னுது முறிஞ்சா?"

"முறியாதுக்கா. விரிசல் விடும். ஒவ்வொரு தடவையும் காதுகிட்ட வெச்சு வளைச்சுப் பாக்கணும். டிக்குனு கேட்டா தூக்கிப் போட்டுடணும். கேக்காம எய்தா நாண்லயே வெடிச்சுக் கையில ஏறும்."

இதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அலுமினியம் ஏன் பிடித்தது என்று அப்போதுதான் புரிந்தது. அது வளைந்தால் வளைந்தேன் என்று சொல்லும். நகத்தின்மேல் சுழற்றினாலே தள்ளாடும். மத்தியான இடைவேளையில் டூல் ரூமுக்கு எடுத்துப்போய், பள்ளம் வெட்டிய இரும்புக் கட்டையில் உருட்டி, கட்டைவிரலால் அழுத்தி நேராக்கிவிடுவேன். வளைந்ததை நிமிர்த்தலாம், மறுபடி வளையும், மறுபடி நிமிர்த்தலாம். குடும்பம் மாதிரி. கார்பன் கடைசிவரை நேராகத்தான் நிற்கும், ஒருநாள் உள்ளுக்குள் போய்விடும்.

செக்ரெட்டரிக்கு என்னை விட மனமில்லை. மூன்றாவது ஆளைத் தேடி மறுபடி மேஜை மேஜையாகப் போக அவருக்கும் சுஸ்து.

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சொல்லுவாங்க. உன் விஷயத்துல அம்பைத்தான் நோவணும்மா. தோளுக்கு வயசாச்சு, அதை மாத்த முடியாது. அம்பை மாத்தலாம்" என்று சொல்லிக் கழகச் செலவில் சில கார்பன் அம்புகளை வரவழைத்துவிட்டார்.

அவை வந்தது ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு. பென்சில் கனம்தான், கறுப்பு, கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இல்லை. அன்று கழகத்துப் பூஜையை மைதானத்திலேயே வைத்திருந்தார்கள். வில்லுக்கெல்லாம் விபூதி, சந்தனம், குங்குமம். ஸ்கூட்டர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பொரி, கடலை, வாழைப்பழம். பூசணிக்காயைக் குடைந்து உள்ளே குங்குமம் கொட்டி வைத்திருந்தது. உடைக்கப் போகும்போது செக்ரெட்டரிக்கு ஒரு யோசனை.

"கீழ போட்டு ஒடைக்கறது லாரிக்காரன் பூஜை. நாம வில்லுக்காரங்க. அம்பால ஒடைப்போம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். கல்பலகை வேலிக்கு முன்னால் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் பூசணியை வைத்தார்கள். "நீயே அடிம்மா, புது அம்பால. பூசணியும் ஒடையட்டும், உன் சந்தேகமும் ஒடையட்டும்." பரிசோதனைப் பிரிவுக்காரிகூட, "அடிங்கக்கா, திருஷ்டி கழியட்டும்" என்றாள். பூசணிக்குப் பின்னால் கல் இருக்கிறது என்று அத்தனை வில்லாளிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பூஜை என்று வந்துவிட்டால் புத்தியையும் கழற்றி வைத்துக் குங்குமம் இட்டுவிடுவோம் போலிருக்கிறது.

எய்தேன். அம்பு பூசணியின் விலாவைக் கிழித்துக்கொண்டு போனது. பூசணி உருண்டு விழுந்து உடைந்தது. ஒரே ஆரவாரம். எனக்கு மட்டும் பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அவர்கள் பொரி பங்கு போட்டுக்கொண்டிருக்க, நான் அம்பைத் தேடிப் போனேன். வால்பக்கம் கிடைத்தது. முறிந்த நுனி நைந்த துடைப்பம் மாதிரி பிரிந்திருந்தது. முன்பாதி இல்லை. குனிந்து பார்த்தால் புல்லிலும் பூசணித் துண்டுகளிலும் மயிரிழை போலக் கறுப்புச் சிராய்கள். அந்த வாரத்தில் பெங்களூரில் எந்த மாட்டுக்கும் யாரும் சொல்லித் தரவேண்டாம், பூசணி உடைந்தால் அது அவற்றின் பண்டிகை. நான் நிமிர்வதற்குள் அக்காவின் செவலை மாடு வந்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டது.

"அக்கா! மாடு! மாடு!" என்று கத்திக்கொண்டே அதன் வாய்க்குள் கையை விட்டேன். அது தலையை ஒரு உதறு உதறியதில் நான் புல்லில் கிடந்தேன். அக்கா ஓடி வந்து மூக்கைப் பிடித்து, நாக்கை ஒரு பக்கமாக இழுத்து, மென்றதை வழித்துப் போட்டார். வழித்த கூழில் கறுப்பு ஊசிகள் இருந்தன.

"இன்னாது இது?"

"அம்பு. புது அம்பு."

"காந்தத்தைப் போடு!"

போட்டேன். இரும்பு முனை வந்தது, அதோடு ஒட்டிய கொஞ்சம் தண்டும் வந்தது. சிராய்கள் அசையவே இல்லை. அக்கா காந்தத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எத்தனை வருஷம் அந்தக் காந்தத்தை நம்பிப் புல் அறுத்தவர் அவர்.

செக்ரெட்டரி வந்து, "பிரசாதம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார்.

"பிரசாதம்னா நீ தின்னு சாமி" என்றார் அக்கா. செக்ரெட்டரி பொரிப் பொட்டலத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே ஏதும் போயிற்றா என்று சொல்ல வழியில்லை. "அசை போட்டா தேவலை, போடலைன்னா வயித்துல ஏதோ குத்துதுன்னு அர்த்தம்" என்றார் அக்கா. மற்றவர்கள் எல்லோரும் போன பிறகும் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். இருவருமாக மாட்டின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது எங்கோ பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருந்தது. அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். வெயில் சாயும்வரை தாடை அசையவில்லை, எனக்கு பஸ் நேரமாகிவிட்டது.

வீட்டில், "யார் வீட்டு மாட்டுக்கோ வயித்துவலின்னா நம்ம வீட்டுல ஏன் சோறு லேட்டாகணும்?" என்று கேட்டார் வீட்டுக்காரர். அக்கா வீட்டில் போன் கிடையாது. அந்த வாரம் முழுக்க, மேஜையில் உட்கார்ந்து பாகங்களைப் பூட்டும்போது பக்கத்துக்காரி வெற்றிலை மெல்வதைப் பார்த்தால்கூட எனக்கு அந்தத் தாடைதான். கழகத்தில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை உடைந்த பூசணிக்காயில் செய்து பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அக்கா தெரிந்தார். மைதானத்துக்குள் இல்லை, ரோட்டோரத்தில். தலையில் புல்கட்டு, கால் முட்டிவரை சேறு.

"மாடு?"

"ராத்திரியே அசை போட்டுச்சு. மறுநாள் டாக்டரும் வந்து பாத்தார். நல்லாருக்கு. பால் குறையல."

நான் அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் கட்டை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"உள்ள அறுக்கலையா?"

"நீங்க எய்ங்க அக்கா. நான் ஏரிக்கரைக்குப் போய் அறுத்துக்கறேன். மாடு சும்மாதான் இருந்துச்சு, நான்தான் பயத்துல சும்மா இருக்கலை. உங்க அம்பு காந்தத்துக்கு வராது, என் கண்ணுக்கும் தெரியாது. அப்பறம் எப்படி அறுக்கறது?"

"ஏரி தூரமாச்சே."

"கை கெசராதரே பாயி மொசரு" என்றார். கை சேறானால்தான் வாய்க்குத் தயிர். சொல்லிவிட்டு, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, "இப்ப கால் பூரா கெசரு, மொசருதான் காணோம்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் எனக்குத் தெரிந்த ஏதோ ஒன்று இருந்தது. பாயில் நம்மோடு படுத்திருக்குமே, அது. என் தோளை மிச்சம் பிடிக்க இன்னொருத்தி ஏரிவரை நடப்பதை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. பெரிய தியாகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். யார் நடந்தாலும் எனக்குக் கால் வலிக்கிற மாதிரி ஆகிவிட்டிருந்தது, அவ்வளவே. நகரத்துக்குள் இருந்த மைதானம் வாரநாள் மாலையில் மட்டும்தான் திறக்கும், அந்நேரம் நான் அடுப்புக்கு முன்னால். பழகுவது அலுமினியத்தில், போட்டிக்குக் கார்பன் என்பதும் நடக்காது. கை ஒன்றுக்குத்தான் பழகும்.

"அந்த அம்பு இனி இங்க வராது" என்றேன். கல்பலகையடியில் புல்லை வேரோடு கொத்தி, மண்ணையும் சேர்த்து அள்ளிக் குழியில் போட்டு மூடினோம். அதற்குப் பிறகும் அவர் உள்ளே வர இரண்டு மூன்று வாரம் ஆயிற்று.

செக்ரெட்டரியிடம் மிச்சக் கார்பன் அம்புகளைத் திருப்பிக் கொடுத்தபோது, "மாடு நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றார். "மாடு நல்லாருக்கு சார்" என்றேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அலுமினியத்தால் எழுபது மீட்டருக்கு வழி பார்க்க வேண்டியிருந்தது. ஒரு வழி கிடைத்தது. ஊசியை மறந்துவிட்டு, இலக்குக்குப் பின்னால் நிற்கும் யூகலிப்டஸ் மரங்களில் உயரமானதன் உச்சிக் கிளையைப் பார்த்து எய்தால் அம்பு ஏறி, இறங்கி, இலக்கில் விழும். நடுவிலிருக்கிற மஞ்சளில் இல்லாவிட்டாலும் வெளிவட்டத்து நீலத்தில், கறுப்பில். தேர்வுவரை அந்தக் கிளையை என் சொந்தப் பிள்ளையைப் போலப் பார்த்துப் பார்த்து எய்தேன். நம்பிக்கைகூட வந்துவிட்டது.

தேர்வு வேறொரு மைதானத்தில். கோட்டில் வந்து நின்று, அம்பைப் பூட்டி, வில்லை உயர்த்தின பிறகுதான் பார்த்தேன். இலக்குக்குப் பின்னால் மரமே இல்லை. வெறும் வானம். வேறு மைதானத்தில் வேறு மரம் இருக்கும், அல்லது இராது என்பது அத்தனை மாதத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. கையை இறக்கவும் முடியாது, பக்கத்தில் எல்லோரும் எய்துகொண்டிருக்கிறார்கள். ஒரு வெள்ளை மேகம் நின்றது. அதைப் பார்த்து விட்டேன். அம்பு பட்டது. அடுத்தது புல்லில். அதற்கடுத்தது எங்கே என்றே தெரியவில்லை.

அம்பு பொறுக்கப் போகும்போது பரிசோதனைப் பிரிவுக்காரி மெல்லக் கேட்டாள். "அக்கா, எதைப் பாத்து எய்தீங்க?"

"மேகத்தை."

"மேகம் நகருமேக்கா!"

"நகர்ந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவள் தேர்வானாள். என் இடத்துக்குப் பெயின்ட் ஷாப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள், நல்ல தோள்.

"இனிமே ஞாயித்துக்கிழமை ஃப்ரீதானே? நிதானமா இட்லி போடலாம்" என்றார் வீட்டுக்காரர். கெட்டவரில்லை, இட்லி பிடிக்கும். போட்டேன். சில ஞாயிறுகள் போட்டேன். வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வரும், ரயில் போகும், மாவைக் கலக்குவேன். ஒரு ஞாயிறு மாவைக் கலக்கி மூடி வைத்துவிட்டு, "நீங்களே ஊத்திக்குங்க, நான் ஆனேக்கல் வரைக்கும் போயிட்டு வரேன்" என்றேன். "எதுக்கு?" என்றார். வாயில் ஒரு பொய்யும் வரவில்லை. "எய்யறதுக்கு" என்றேன். அவர் பேப்பரை மடித்தார், விரித்தார், "சட்னி?" என்றார். "அரைச்சாச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

செக்ரெட்டரி முன்னமே பழைய பயிற்சி வில் ஒன்றை, "யாரும் தொடறதில்ல, வெச்சுக்கோ" என்று கொடுத்திருந்தார். கண்டக்டர் முயலை விசாரித்தார்.

அக்கா உள்ளேதான் அறுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"டீம்ல எடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு வந்தே?"

"சும்னே" என்றேன், சும்மாதான்.

அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு கிட்டே வந்தார். "அந்தக் கறுப்பு அம்பாலேயே அடிச்சிருக்கலாம்ல? நான் வேணாம்னா சொன்னேன்?"

"நீங்க ஏரிக்குப் போனீங்களே."

"அது என் கால். உன் தோளை யாரு கேட்டா? சரி, எனக்காக விட்டேன்னு ஊர்ல சொல்லிக்கினு திரியாதே. பால் வாங்கறவங்க மாட்டுக்கு என்னா ஆச்சுன்னு கேப்பாங்க."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். இலக்கை முப்பது மீட்டரில் நிறுத்தினேன். முப்பதுக்கு மரமும் வேண்டாம், மேகமும் வேண்டாம். அம்பெல்லாம் இலக்கிலேயே நின்றன, ஒன்றுகூடப் புல்லுக்குப் போகவில்லை. தோள் வலித்தது. வில்லை இறக்கிவிட்டுப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

அக்கா அரிவாளோடு நின்றுகொண்டே இருந்தார்.

"எல்லாம் கையில இருக்கு அக்கா, அறுங்க."

"மொதல்ல காந்தத்தை இழு" என்றார்.

இழுத்தேன். ஒரு சோடா மூடி வந்தது.